பூட்டு கேட்கும் எட்டு எண்கள்

மச்சான்,

மூன்று அட்டைப்பெட்டிகளைத் தரையில் கொட்டிய பிறகுதான் உன் சிடி கிடைத்தது. காகித உறையின் மேல் நீல மார்க்கரில் உன் கோணல் கையெழுத்து: “எக்ஸ்பி + ஸ்பிரிங். F6 மறக்காதே, அவசரக்குடுக்கை.” வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டிய சிடியில்கூட என்னைத் திட்டி வைத்திருக்கிறாய். அதனால்தான் அதை அவர்களிடம் கொடுக்காமல் நானே வைத்துக்கொண்டேன் போல.

மறைமலை நகர் ஸ்பிரிங் பட்டறையிலிருந்து போன் வந்ததால்தான் தேடினேன். நம் முதல் வேலை. டெஸ்டிங் ரூம் கூரை ஒழுகி, நாம் வைத்த கணினி நனைந்து செத்துவிட்டதாம். டெஸ்டர் மட்டும் தப்பித்திருக்கிறது. ஸ்பிரிங்கை அமுக்கி அது எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று அளக்கிற அந்த மெஷின் உன் புரோகிராமோடு மட்டும்தான் பேசும். உன் புரோகிராம் விண்டோஸ் எக்ஸ்பியில் மட்டும்தான் ஓடும். அது அடித்துக் கொடுக்கிற ரிப்போர்ட் இல்லாமல் பட்டறையிலிருந்து ஒரு பெட்டி வெளியே போகாது.

புதன்கிழமை காலை போனேன். மேஜை மேல் பளபளவென்று ஒரு புதுக் கணினி. முதலாளி சுற்றி வளைக்கவில்லை.

“சனிக்கிழமைக்குள்ள ஓடணும் தம்பி. இல்லன்னா டெஸ்டிங்க வெளிய லேபுக்குக் குடுத்துட்டு இந்த ரூமை மூடிடுவேன். கோமதிய பேக்கிங்ல போட்டுக்கலாம்.”

டெஸ்டரை ஓட்டுகிற கோமதி அக்கா அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அதே நாற்காலி, நீ கால் வெட்டிச் சரி செய்து கொடுத்தது. அவருடைய முட்டி இப்போது இன்னும் மோசம். அந்தப் பட்டறையில் உட்கார்ந்து செய்கிற வேலை இது ஒன்றுதான். பேக்கிங்கில் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும்.

முதலாளி போனதும் அக்கா கேட்டார்: “அந்தத் தம்பி வர்லியா? எனக்காவ பெருசு பெருசா எழுத்து வெச்சிச்சே, அந்தத் தம்பி.”

“அவன் வரலக்கா” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

இனி நடந்ததை நீ கேட்டால் சிரிப்பாய். புதுக் கணினிக்கு எக்ஸ்பி என்றால் என்னவென்றே தெரியவில்லை. சிடியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழைய முறையில் பூட் ஆகும்படி மாற்றினேன். நீலத் திரை வந்தது, ஆனால் கீபோர்டு செத்துவிட்டது. “என்டர் அழுத்தவும்” என்கிறது, அழுத்தினால் கேட்கவில்லை. பக்கத்து ரூமிலிருந்து உருண்டை பின் வைத்த பழைய கீபோர்டைப் பிடுங்கி வந்து செருகினேன். அது வேலை செய்தது. அடுத்தது, ஹார்ட் டிஸ்க் இருப்பதே தெரியவில்லை என்றது. F6 அழுத்தினேன் மச்சான், மறக்கவில்லை. டிஸ்கை அடையாளம் காட்டும் டிரைவரை ஃப்ளாப்பியில் கொடு என்றது. ஃப்ளாப்பிக்கு எங்கே போவேன்? டிரைவரைச் சிடிக்குள்ளேயே திணித்து, வேறு சிடி எழுதிப் போட்டால், பாதி தூரம் போய் எரர் திரையில் நின்றது. அணைத்துப் போட்டேன். அதே இடம். திரும்பவும் அணைத்துப் போட்டேன்.

“இன்னா தம்பி, நீலமாவே கீது?” என்றார் அக்கா.

“அது அப்படித்தான்க்கா.”

“நேத்து டிவி ரிப்பேரு பண்றவனும் இதையேதான் சொன்னான்.”

நீ இப்படியா செய்வாய்? ஒரு காகிதத்தில் கோடு போட்டு, ஒவ்வொரு முயற்சியையும் எழுதுவாய். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவாய். நான் நான்கைச் சேர்த்து மாற்றிவிட்டு, எதனால் சரியானது என்று தெரியாமல் நிற்பேன். “சரியாப் போச்சுல்ல, விடேன்” என்பேன். “ஏன் போச்சுன்னு தெரியலன்னா சரியாப் போவலடா” என்பாய். பெருங்களத்தூர் டீக்கடையில் இதற்காகவே ஒருநாள் டீ ஆறிப்போகும்வரை சண்டை போட்டோம். நீ சொல்வது சரி என்று தெரிந்தும் எனக்கு அதற்குப் பொறுமை வந்ததில்லை.

வியாழக்கிழமை உன் மாதிரியே கோடு போட்டு எழுதினேன். பதினாலாவது வரியில் எனக்கே புரிந்துவிட்டது: இந்தக் கணினியில் எக்ஸ்பி நேராக ஏறாது. அதனால் கணினிக்குள்ளேயே ஒரு பொய்க் கணினியை உண்டாக்கி, அதற்குள் எக்ஸ்பியைப் போட்டேன். பாவம் அது, பத்து வருடத்துக்கு முந்தைய கணினியில் இருப்பதாக நம்பி, சமர்த்தாக ஏறிவிட்டது. எக்ஸ்பியின் பச்சைப் புல்வெளி திரையில் வந்ததும் அக்கா கை தட்டினார். டெஸ்டரின் கேபிளையும் அதற்குள் காட்டிவிட்டேன். உன் புரோகிராமை இறக்கினேன். ஐகானைத் தட்டினேன்.

சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி வந்தது. “இந்தக் கணினி எனக்குப் புதிது. கீழே உள்ள எண்ணைப் படித்துச் சொல்ல என்னைக் கூப்பிடவும்.” கீழே உன் பெயர், உன் போன் நம்பர். அதற்கும் கீழே எட்டு எண்கள்.

பூட்டு. எனக்கு மறந்தே போயிருந்தது.

அதைப் போடச் சொன்னவன் நான். “பக்கத்துப் பட்டறைக்காரன் அப்படியே காப்பி அடிச்சுட்டுப் போயிடுவான்டா, நீ பேக்கு மாதிரி பார்த்துட்டு நிப்ப” என்று உன்னை நச்சரித்தேன். நீ வேண்டாம் என்றுதான் சொன்னாய். நான் விடவில்லை. கடைசியில், வேறு கணினியில் போட்டால் எட்டு எண்களைக் காட்டும், உனக்குப் போன் செய்து படித்தால் நீ லேப்டாப்பில் தட்டிப் பதில் எண்களைச் சொல்வாய் என்று செய்தாய். “நான் போன எடுக்கலன்னா?” என்று கேட்டாய். “நீ எப்ப போன எடுக்காம இருந்திருக்க?” என்றேன்.

அக்கா திரையை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுச் சிரித்தார். “அவ்ளோதானா? போனப் போடு தம்பி.”

நான் டெஸ்டர் கேபிளை இன்னொரு தடவை அழுத்திச் செருகினேன்.

“இன்னா, சண்டையா ரெண்டு பேருக்கும்?”

“அவன் இல்லக்கா. போன வருஷம் மழைக்கு அப்புறம். காய்ச்சல். ஆறே நாள்.”

அக்கா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “மொதல்லியே சொல்றதுக்கின்னா” என்று சொல்லி முந்தானையால் கீபோர்டைத் துடைத்தார். அதில் தூசி ஒன்றும் இல்லை.

அவரிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. உனக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நீ போன பத்தாம் நாள் உன் அம்மா உன் லேப்டாப்பை என் கையில் கொடுத்தார்கள். “இதுல அவனோடது ஏதாவது இருக்கான்னு பாருப்பா. தங்கச்சி காலேஜுக்குக் கேக்கறா.” உங்கள் வீட்டு ஹாலில், உன் படத்துக்கு எதிரே, அதைத் திறந்தேன். உன் ஃபோல்டர்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு குறிப்பு. என்னால் உட்கார முடியவில்லை. போட்டோக்களை மட்டும் பென் டிரைவில் எடுத்துவிட்டு, “வேற ஒண்ணும் இல்ல ஆன்ட்டி” என்றேன். மற்ற எல்லாம் அழியும்படி அங்கேயே ஃபார்மட் செய்து, புதிதாக விண்டோஸ் போட்டுக் கொடுத்தேன். அரை மணி நேர வேலை. உன் அம்மா காபி கொண்டு வருவதற்குள் கிளம்பிவிட்டேன்.

பதில் எண்களைச் சொல்கிற புரோகிராம் அதில்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை முழுக்கப் பூட்டை உடைக்கப் பார்த்தேன். உடையவில்லை, வேண்டாம் என்று சொன்ன வேலையைக்கூட நீ அரைகுறையாகச் செய்யமாட்டாய். புரோகிராமைப் புதிதாக எழுதலாம் என்றால், டெஸ்டர் அனுப்புகிற எண்களுக்கு என்ன அர்த்தம் என்று கண்டுபிடிக்க உனக்கே மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் நான் “எப்ப முடியும், எப்ப முடியும்” என்று கேட்டுக்கொண்டிருந்தேன். உன் பக்கத்தில் உட்கார்ந்து ஒருநாளாவது கேட்டிருந்தால் இன்று எனக்குத் தெரிந்திருக்கும். முதலாளியிடம் ஒரு மாத அவகாசம் கேட்டேன். “அதுவரைக்கும் பெட்டிய மாடில அடுக்கவா?” என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை.

சனிக்கிழமை மதியம் ரூமைப் பூட்டினார்கள். அக்கா நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு பேக்கிங் பக்கம் போனார். சூப்பர்வைசர் அதை வாசலிலேயே வைக்கச் சொல்லிவிட்டார். வரிசைக்கு நடுவே நாற்காலி போட இடமில்லையாம்.

“நீ இன்னா பண்ணுவ தம்பி, வூட்டுக்குப் போ” என்றார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தாம்பரம் ரயிலில் உன் நம்பரை அழுத்தினேன். பயன்பாட்டில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. இரண்டு தடவை கேட்டேன். இதையும் காகிதத்தில் எழுதினேன், முப்பத்தொன்றாவது வரியாக.

ரூமைப் பூட்டுவதற்கு முன் பதிந்துகொண்டு வந்த டெஸ்டர் எண்களை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதிக்கொண்டிருக்கிறேன், ஒரு நேரத்தில் ஒன்று. எவ்வளவு நாள் ஆகும் என்று தெரியவில்லை. முடிந்தாலும் அந்த ரூமைத் திரும்பத் திறப்பார்களா, அதுவும் தெரியவில்லை. அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை.

அந்தப் பெட்டி கேட்ட எட்டு எண்களும் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டன. பல் தேய்க்கும்போது வருகின்றன, சிக்னலில் நிற்கும்போது வருகின்றன. நாலு, ஒன்று, ஏழு, ஏழு, சைபர், இரண்டு, ஆறு, மூன்று.

படித்துவிட்டேன் மச்சான். நீ சொல்.