முன்சக்கரம் மட்டும் பாக்கி

அமராவதிபுதூர்
1 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அப்பாவும் நலம். போனில் பேசினால் மச்சான் ஸ்பீக்கரில் போடுகிறார், எனக்கு வாயே வருவதில்லை. அதனால் உன் பக்கத்து வீட்டுச் செந்தாமரை அக்கா விலாசத்துக்கு எழுதுகிறேன்.

மச்சான் பைக்கை ரிப்பேருக்கு விட்டுப் போனார். வழக்கம்போல நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். "ஒழுகுற வண்டியத் தலையில கட்டிட்டீக மாமா. இது சரியானாத்தான் ரோகிணிய ஆடிக்குக் கொண்டாந்து விடுவேன்" என்றார். அப்பா கையில் இன்னும் கட்டு இருப்பதால் நம் மெக்கானிக் ஷெட்டில் நானே வண்டியைப் பிரித்தேன்.

முன்சக்கரத்தைக் கழற்றி, அதைப் பிடித்திருக்கும் ஃபோர்க் குழாய்களைக் கவிழ்த்து உள்ளிருந்த ஆயிலை வடித்தேன். கல்யாணத்துக்குக் கொடுத்த புது வண்டி, ஐந்து மாதத்தில் ஏன் ஒழுக வேண்டும் என்று பார்த்தால், ஆயிலை அடைக்கிற வலது பக்க ரப்பர் சீலுக்குள் ஒரு பச்சை வளையல் துண்டு. அதுதான் சீலைக் கிழித்திருக்கிறது. கொப்புடையம்மன் திருவிழாவில் நான் உனக்கு வாங்கிக் கொடுத்த வளையல் அது.

அங்கே எப்படிப் போனது அக்கா?

உன் தங்கை,
துர்கா

திருக்கோஷ்டியூர்
4 ஜூலை

அன்புத் துர்கா,

வண்டியைக் கழுவும்போது வழுக்கி விழுந்தேன். அவ்வளவுதான். அப்பாவிடம் சொல்லாதே, துண்டைத் தூக்கிப் போட்டுவிடு.

வேலையை அவசரமாக முடிக்காதே. வண்டி இல்லாததால் அவர் பஸ்ஸில் போய் வந்து அசந்து தூங்கிவிடுகிறார். வீடு அமைதியாக இருக்கிறது. ஆடிக்கு நான் வராவிட்டாலும் பரவாயில்லை.

எழுத்து கோணலாக இருக்கும், திட்டாதே. இடது கையால் எழுதுகிறேன்.

ரோகிணி

அமராவதிபுதூர்
6 ஜூலை

அன்புள்ள அக்காவுக்கு,

துண்டை நான் தூக்கிப் போடவில்லை. நிற்கிற வண்டி மேல் விழுந்தால் வளையல் கீழே சிதறும், சீலுக்குள் போகாது. வண்டி ஓடி ஃபோர்க் அமுங்கினால்தான் உள்ளே இழுக்கும். நீ முன்னால் வந்து வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாயா அக்கா? அப்படியே ஓட்டினாரா?

புது சீல் போட்டு, நம் பழைய பால்புட்டியில் அளந்து ஆயிலும் ஊற்றிவிட்டேன். முன்சக்கரம் மட்டும் பாக்கி. ஒரு வரி எழுது, அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன்.

துர்கா

திருக்கோஷ்டியூர்
9 ஜூலை

கொழுந்தியாளுக்கு,

செந்தாமரை வீட்டுக்கு வந்த கடிதம் என் கைக்கு வந்தது. கதவுக்குப் பின்னால் நிற்கிற பிள்ளை இவ்வளவு எழுதும் என்று நினைக்கவில்லை.

ரோகிணிக்கு உடம்பு முடியவில்லை. இனி எழுத மாட்டாள், ஆடிக்கும் வர மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுக்க வருகிறேன். அந்தத் துண்டையும் எடுத்து வை.

ஈஸ்வரன்

அமராவதிபுதூர்
11 ஜூலை

மச்சானுக்கு,

உங்களிடம் நான் பேசியதே இல்லை. அங்கிருந்து வந்த இரண்டு கடிதத்தையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். இதை அவர் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். துண்டு அவர் சட்டைப் பையில் இருக்கிறது.

முன்சக்கரத்தைத் தாங்குகிற ஆக்ஸில் என்னிடம் இருக்கிறது. எங்கே வைத்திருக்கிறேன் என்று அப்பாவுக்கும் தெரியாது. அக்காவை அவரோடு அனுப்பி வையுங்க. அவள் எங்கள் வீட்டுப் படி ஏறிய பிறகுதான் சக்கரம் மாட்டுவேன்.

பஸ் நிறுத்தத்தில் நிற்பேன். சாயங்கால பஸ்ஸில் இரண்டு பேர் இறங்க வேண்டும்.

துர்காதேவி