நடுவே ஒரு தெர்மாகோல் பாறை

மார்ச் 3, செவ்வாய்

ஹாலைப் பலகை வைத்துத் தடுத்தாயிற்று. என் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டார்கள். மீன்தொட்டியை மட்டும் யாரும் விட்டுத்தரவில்லை. தச்சர் பார்த்தார், தொட்டியைச் சுற்றித் தடுப்பில் ஓட்டை விட்டுவிட்டுப் போய்விட்டார். இப்போது முன்கண்ணாடி எங்கள் வீடு, பின்கண்ணாடி அக்கா வீடு.

அக்கா என்றால் இவருடைய அண்ணி. இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் நான் மனம்விட்டுப் பேசியது அவரிடம்தான். சண்டை வந்த அன்றைக்கு என் வீட்டுக்காரரை எல்லார் முன்னாலும் "தண்டச்சோறு" என்று அண்ணன் சொன்னபோது அக்கா வாயைத் திறக்கவே இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. தினமும் மீன்களுக்கு நடுவே அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது?

"பின்னாடி ஏதாவது ஒட்டேன்," என்றார் இவர். எங்கே ஒட்டுவது? பின்கண்ணாடியின் வெளிப்பக்கம் அவர்கள் ஹாலில் அல்லவா இருக்கிறது. தொட்டிக்குள்ளேதான் எதையாவது வைக்க வேண்டும்.

மார்ச் 6

எதிர்க்கடையில் டிவி பெட்டிக்குள் வந்த தெர்மாகோலைக் கேட்டேன். சும்மாவே கொடுத்தார்கள். கத்தியைச் சூடுகாட்டிப் பாறை மாதிரி செதுக்கினேன். வீடெல்லாம் வெள்ளை உருண்டை. துடைப்பத்துக்கும் வராது, கைக்கும் வராது, இவர் தலைமுடியில் மட்டும் ஒட்டும்.

மார்ச் 8

காலையில் அக்கா அந்தப் பக்கம் குனிந்து, வாலில் கறுப்புப் புள்ளி இருக்கும் மீனோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். அதற்குப் 'பொட்டு' என்று பெயர் வைத்ததே அவர்தான். பாறையைப் பின்கண்ணாடியோடு ஒட்டினால் அவருக்கு மீனே தெரியாது. தெரியாவிட்டால் போகட்டுமே என்று கொஞ்ச நேரம் இருந்து பார்த்தேன். முடியவில்லை. தொட்டியின் நடுவில் நிறுத்திக்கொள்ளலாம் என்று, மீன்கள் போய்வர அடியில் இரண்டு குகை குடைந்தேன்.

அவர் பக்கம் வழவழவென்று வெள்ளையாக இருந்தது. அதையா அவர் நாள் முழுக்கப் பார்ப்பார்? அதையும் செதுக்கி, சிமெண்டில் பச்சைப் பொடி கலந்து பாசி படர்ந்த மாதிரி பூசினேன்.

"அது யாருக்கு?" என்றார் இவர்.

"மீனுக்கு," என்றேன்.

மீன்கடைக்காரர் சொன்னது: "காஞ்சதும் பக்கெட்ல ஊறப்போட்டு, தண்ணிய மாத்திக்கிட்டே இருங்க மேடம். சிமெண்டு காரம் மீனுக்கு ஆகாது."

மார்ச் 18

ஊறியது போதும். தொட்டியைக் காலி செய்தேன். காலிக் கண்ணாடி வழியே அக்கா பதறிப்போய் எட்டிப் பார்த்தார். மீன்கள் இருந்த வாளியைக் கையால் காட்டினேன். தலையாட்டினார். பாறையை நடுவே நிறுத்தி சிலிகான் வைத்து ஒட்டினேன்.

மார்ச் 21

தண்ணீர் நிரப்பி மீன்களை விட்டாயிற்று. பாறை அசையவில்லை. அக்கா முகம் தெரியவில்லை. நிம்மதி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

மார்ச் 27

தண்ணீர் கலங்கிவிட்டது. பொட்டு மேலே வந்து வாயைப் பிளக்கிறது. பாவி, நான் பூசின சிமெண்டா?

மார்ச் 28

பாட்டிலில் கொண்டுபோன தண்ணீரை மீன்கடைக்காரர் முகர்ந்து பார்த்தார். "சிமெண்டு இல்ல. தீனி அழுகுது. ரெண்டு பேர் போடுறீங்களா?"

முன்பெல்லாம் அக்கா கை தீனி டப்பாவோடு வருவது கண்ணாடி வழியே தெரியும், நான் போடமாட்டேன். என் கை தெரிந்தால் அவர் போடமாட்டார். பேசாமலே இத்தனை நாள் ஒழுங்காக நடந்திருக்கிறது. நான்தான் மறைத்தேன். இப்போது இரண்டு பேரும் போடுகிறோம்.

சொல்லியாக வேண்டும். யார் முதலில் — நானா? பொட்டு செத்துப்போனா அப்புறம் எனக்கு என்ன ரோஷம் வேண்டிக்கெடக்கு?

தொட்டிக்கு மேலே தடுப்பில் இருந்த இடுக்கில் வாயை வைத்தேன். "அக்கா... மீனுக்குப் போட்டாச்சா?"

அந்தப் பக்கம் டப்பா மூடும் சத்தம். பிறகு, "போட்டுட்டேன். நீ போடாத."

ஏப்ரல் 2

"போட்டாச்சா?" "போட்டாச்சு." தினமும் இவ்வளவுதான்.

ஏப்ரல் 5, ஞாயிறு

தண்ணீர் தெளிந்துவிட்டது. பொட்டு பிழைத்துக்கொண்டது. காலையில் இடுக்கு வழியே அக்கா கேட்டார்: "உன் பக்கம் பாறை எப்படி இருக்கு?"

"வந்து பாருங்களேன்," என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் வாசலில் செருப்புச் சத்தம். தெருவில் இறங்கிச் சுற்றி வந்திருக்கிறார். தொட்டி முன்னால் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என் பக்கம்தான் நல்லாயிருக்கு," என்றார்.

இவர் உள்ளே போய், ஒரு நாற்காலியை எடுத்து வந்து தன் அண்ணிக்குப் போட்டார்.