ஆர்டிஸும் ஏழு நாற்காலிகளும்

நார்டால்
வெள்ளிக்கிழமை, 6 நவம்பர் 1959

அன்பு மகள் சிக்ரிட்டுக்கு அப்பா எழுதுவது. இந்த வயதுக்கு எவ்வளவு நலமாக இருக்க முடியுமோ அவ்வளவு நலமாக நானும் அம்மாவும் இருக்கிறோம். அலாஸ்காக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் அதைவிட நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் சாப்பாட்டுக்கு முன் வேண்டிக்கொள்கிறோம். உன் அண்ணன் ஹரால்ட் கோபத்தோடு உனக்கு எழுதியிருப்பான். அதனால் நான் ஒழுங்காகச் சொல்லிவிடுவது நல்லது என்று தோன்றியது. சொல்ல இருப்பவை:

1. எங்கள் உடல்நிலை.
2. பள்ளிக்கூடத்தில் வந்திருக்கும் புது ஏற்பாடும் அதில் என் பங்கும்.
3. பேத்தி ஆர்டிஸை எங்கென் டீச்சரின் அறையிலிருந்து மேல் அறைக்கு மாற்றியே தீர வேண்டும் என்பதும் அதன் காரணங்களும்.
4. உன் வீட்டு அடுப்பின் புகைக்குழாய்.

அம்மா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "மகளுக்குக் கடிதம் எழுதுறீங்களா, கவர்னருக்கு மனு போடுறீங்களா?" என்கிறாள். எனக்கு வேறு மாதிரி எழுத வராது, உனக்கே தெரியும்.

உடம்பைப் பற்றிப் பெரிதாக ஒன்றுமில்லை. அம்மாவுக்கு விரல் மூட்டுகள் வீங்கி, இந்த வருடம் உருளைக்கிழங்கு ரொட்டியை என்னைத் தேய்க்கச் சொன்னாள், தேய்த்த பிறகு ஏன் சொன்னோம் என்று வருத்தப்பட்டாள். எனக்கு வழக்கமான இருமல். நாற்பத்தொரு வருடம் சாக்பீஸ் தூசி குடித்த நெஞ்சு வேறு எப்படி இருக்கும். களைப்புத்தான் அதிகம், மத்தியானத்துக்குள் ஒரு நாள் முழுவதும் முடிந்துவிட்டது போல இருக்கிறது.

பள்ளிக்கூட விஷயத்துக்கு வருகிறேன். என் இடத்தில் இப்போது தலைமையாசிரியராக இருக்கும் மெல்பி இளைஞர், சுறுசுறுப்பானவர். செப்டம்பரில் நாலு, ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் வாசிப்புச் சோதனை வைத்தார். காலை ஒன்பதே காலுக்கு மணி அடித்தால் மூன்று வகுப்பும் எழுந்து, வயதைப் பார்க்காமல், அவரவர் வாசிக்கும் தரத்துக்கு ஏற்ற அறைக்குப் போய்விட வேண்டும். பத்து மணிக்குத் திரும்பி வரலாம். தாழ்வாக நினைக்கக் கூடாது என்று அறைகளுக்கு எண் வைக்காமல் டீச்சர் பெயரையே வைத்திருக்கிறார். என் காலத்தில் முதல் வரிசை, கடைசி வரிசை என்று ஒரே அறைக்குள் நான் செய்ததையே இவர் மூன்று அறைகளில் செய்கிறார். அது சரியா தவறா என்று எனக்கு அன்றும் நிச்சயமில்லை, இன்றும் இல்லை. நம் ஆர்டிஸ் ஆறாம் வகுப்பு, அவள் அம்மாவைவிட உயரமாகிவிட்டாள், அவளை எங்கென் டீச்சர் அறையில் போட்டார்கள். அது நாலாம் வகுப்பு அறை, வாசிப்பில் கீழ்த் தரத்துக்கானது; மேல் தரத்துக்கான ஆறாம் வகுப்பு அறையைத்தான் மேல் அறை என்கிறோம். மெல்பி என்னை வந்து பார்த்துக் கருத்துச் சொல்லக் கேட்டதால் ஒரு நாள் போய்ப் பின்னால் நின்றேன். ஆர்டிஸோடு சேர்த்துப் பெரிய பிள்ளைகள் ஏழு பேர், சின்ன நாற்காலியில் முழங்கால் மேசையில் இடிக்க, உடம்பை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அரைப் பக்கத்தில் ஒரு யோசனை எழுதிக் கொடுத்தேன், பெரிய பிள்ளைகள் தங்கள் வகுப்பு நாற்காலியைக் கையோடு கொண்டுபோகட்டும் என்று. மெல்பி பாராட்டினார். அடுத்த திங்களே நடைமுறைக்கு வந்தது.

சிக்ரிட், நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் கையை வீசிக்கொண்டு நடக்கிற தாழ்வாரத்தில் ஏழு பேர் மட்டும் நாற்காலி தூக்கிக்கொண்டு போனால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பிள்ளைகளுக்கு உடனே தோன்றிவிட்டது. "சாமான் வண்டி வருது, வழி விடுங்கடா!" என்று கத்துவார்களாம். "என்ன ஆர்டிஸ், வீடு மாத்துறியா? கட்டிலும் வருதா?" என்று கேட்பார்களாம். மூன்றாவது வாரம் அவளுக்கு வயிற்று வலி வந்தது. செவ்வாய் முதல் இன்றுவரை பள்ளிக்குப் போகவில்லை.

மூன்றாவது. நேற்று ஹரால்ட் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் வந்து நின்றான். "என் பொண்ணுக்குப் படிப்பு வராதுன்னு தினம் ஊர்வலம் விட்டுக் காட்டுறாங்கப்பா. நீங்க பத்தொம்பது வருஷம் அங்க ஹெட்மாஸ்டர். நீங்க எழுதினா ஸ்கூல் போர்டு கேட்கும். எழுதுறீங்களா, இல்ல நான் போய் மெல்பி சட்டையைப் பிடிக்கட்டுமா?" என்றான். நாற்காலி யோசனை யாருடையது என்று அவனுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் போனதும் போர்டுக்கு மனு எழுதினேன். வயதுக்குக் கீழே உட்காரவைத்தால் பிள்ளையின் மனம் சுருங்கிவிடும், சுருங்கிய மனத்தில் பாடம் ஏறாது, ஒரு நாள் சோதனையை வைத்து ஒரு வருடத்தைத் தீர்மானிக்கக் கூடாது, ஆகவே ஆர்டிஸை ஆறாம் வகுப்பாரோடு மேல் அறைக்கே மாற்ற வேண்டும். நன்றாகத்தான் எழுதியிருந்தேன். இன்று காலை போர்டுத் தலைவர் கையில் கொடுத்தாயிற்று. செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் படிப்பார்கள். நான் சொன்னால் மாற்றிவிடுவார்கள் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. தபால் போகாததால் தொடர்கிறேன். கோயிலில் ஆராதனை முடிந்து ஹரால்ட் குடும்பம் காப்பிக்கு வந்தது. ஹரால்டும் மருமகள் லொரெய்னும் அம்மாவோடு நிலவறையில் ஜாடிகளை இறக்கிவைக்கப் போன நேரத்தில் ஆர்டிஸுக்கு மனுவின் நகலைப் படித்துக் காட்டினேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். நான் தேய்த்த அந்தக் கெட்டி ரொட்டியை மென்றுகொண்டே கேட்டாள், பிறகு, "தாத்தா, என்னை மாத்திடாதீங்க" என்றாள். எனக்குப் புரியவில்லை. "மேல் ரூம்ல எல்லாரும் படிச்சு முடிச்சுட்டு நான் எப்ப முடிப்பேன்னு திரும்பித் திரும்பிப் பார்ப்பாங்க. போன வருஷம் பூரா அப்படித்தான். எங்கென் டீச்சர்கிட்ட ஒரு புத்தகம் முழுசாப் படிச்சேன் தாத்தா. சின்னப் பசங்க புத்தகம்தான், ஒரு நீர்நாய் கதை. ஆனா முழுசு. கடைசிப் பக்கம் வரைக்கும்" என்றாள். அப்படியானால் வயிற்று வலி எதற்கு என்றேன். "நாற்காலிக்கு" என்றாள். "மணி அடிச்சா எல்லாரும்தான் நடக்கிறாங்க, யார் எந்த ரூமுக்குப் போறாங்கன்னு ஒருத்தரும் பார்க்கிறதில்ல. அதைத் தூக்கின பிறகுதான் பார்க்கிறாங்க. எந்தப் புத்திசாலி இதைக் கண்டுபிடிச்சாரோ."

நான்தான் என்றேன், உன் கால் இடித்ததைப் பார்த்துத்தான் என்றேன். அவள் அழவுமில்லை, கோபப்படவுமில்லை. "முழங்கால் வலிச்சது யாருக்கும் தெரியாது தாத்தா" என்றாள், அவ்வளவுதான். பிறகு தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

அவர்கள் போனபின் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "நாற்பது வருஷம் பிள்ளைங்களோட இருந்தீங்க, ஒருத்தியைக் கூப்பிட்டு உனக்கு என்ன வேணும்னு கேட்கத் தெரியலையா?" என்றாள். பிறகு அவளே ஒரு வழியும் சொன்னாள். கோயில் நிலவறையில் விருந்துக்கு மட்டும் எடுக்கும் நாற்காலிகள் சும்மா கிடக்கின்றன, அதில் ஏழு நாற்காலியை எங்கென் டீச்சர் அறையிலேயே நிரந்தரமாகப் போட்டுவிடலாம், பெண்கள் சங்கத்தில் நானே கேட்கிறேன் என்றாள். எனக்கு இது அந்த யோசனையை எழுதிய அன்றே தோன்றியிருக்க வேண்டும்.

நான்காவது, புகைக்குழாய். பனி இறுகுவதற்கு முன் மாப்பிள்ளையை ஒரு தடவை கழற்றித் தட்டச் சொல், கரி சேர்ந்தால் ஆபத்து. வடக்கு ஜன்னல் இடுக்கில் துணி வை. எழுதுவதற்கு நேரமில்லை என்றால் ஒரு அட்டையாவது போடு, அம்மா தபால்காரர் வரும் நேரத்தில் ஏதோ வேலை இருப்பதுபோல வாசலுக்கு வந்து நிற்கிறாள், எனக்குப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. ஆண்டவர் உங்கள் இருவரையும் கையில் ஏந்திக் காப்பாராக, உங்கள் வீட்டில் வெளிச்சமும் சூடும் குறையாதிருக்கட்டும்.

மூன்றாவதாக எழுதியதை அடிக்காமல் விட்டிருக்கிறேன், நான் எவ்வளவு நிச்சயமாக எழுதினேன் என்பது உனக்குத் தெரியட்டும். அது தவறு, சிக்ரிட். காரணங்கள் ஒவ்வொன்றும் சரிதான், ஆனால் அவை ஆர்டிஸைப் பற்றியவை அல்ல. செவ்வாய்க்கிழமை ஹரால்ட் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பான், நான் எழுந்து என் மனுவை நானே திரும்பக் கேட்க வேண்டும், நாற்காலி யோசனை யாருடையது என்றும் அவன் காதுபடச் சொல்ல வேண்டும். பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் இரண்டாவது புத்தகத்தின் நடுவில் இருக்கிறாளாம்.

உன் அப்பா,
பேடர் ஸ்கோகன்