பெயரின்மேல் கறுப்பு டேப்

என் வாயாடிக்கு,

வார்டில் போன் கூடாது என்பதால் இதை உன் தம்பி கையில் கொடுத்தனுப்புகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பஸ்ஸில் எழுதினேன் என்று நினைத்துக்கொள். நாளைக்கு ஆபரேஷன் என்று ரொம்ப யோசிக்காதே. வீட்டில் பாப்பா சமத்தாக இருக்கிறாள்.

இன்று ஆபீஸில் கேக் வெட்டினார்கள். கம்ப்யூட்டர், மானிட்டர்களை இணைக்கும் நெட்வொர்க் பெட்டி செய்யும் கம்பெனிகளில் எங்கள் பெயருக்குத்தான் இப்போது மதிப்பு அதிகமாம். மேனேஜருக்கு வாயெல்லாம் பல். நான் என் துண்டை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

புதிதாக வந்த பெட்டிகளில் சில திடீரென்று நின்றுவிடுகின்றன. அவற்றை மாற்றும்வரை, கம்பெனிப் பெயரின்மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டு வரச் சொல்கிறார்கள். ஏதாவது ஆகி யாராவது போட்டோ எடுத்தால் பெயர் தெரியக்கூடாதாம்.

"பெட்டி போனா மாத்திக்கலாம்யா, பேரு போனா எங்க போய் வாங்குறது?" என்கிறார் மேனேஜர்.

உன் ஆஸ்பத்திரிக்கு எங்கள் ஆபீஸிலிருந்து வேறு ஒருவன் போய்வந்தான். டேப் ஒட்டினாயா என்று கேட்டால் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வேலைக்குக் கிளம்பிவிடுகிறான். ஆபரேஷன் தியேட்டர் மானிட்டர்கள் எல்லாம் எங்கள் பெட்டி வழியாகத்தான் ஓடுகின்றன.

ஒன்றுமில்லை, சும்மாதான் சொல்கிறேன். தியேட்டர் வாசலில், சுவரில் அந்தப் பெட்டி இருக்கும். இன்றைக்கே நடந்துபோய்ப் பார். டேப் இருந்தால், பயமாக இருக்கிறது என்று அழுதாவது ஆபரேஷனைத் தள்ளிப்போடு. என் பேச்சை எடுக்காதே.

டேப் இல்லை என்று உடனே திரும்பிவிடாதே. அது சீக்கிரம் உரிந்து விழுந்துவிடும். பெயரின்மேல் விரல் வைத்துப் பார். பிசுபிசுத்தால், அங்கே ஒரு நிமிஷம்கூட இருக்காதே.

உன்
ஒயர்க்காரன்