பச்சை நூல் கட்டிய குழாய்

மருத்துவமனை, காத்திருப்பு அறை
மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் தம்பி நலம் என்று எழுத ஆசைதான். இப்போதைக்கு, பேசுகிறார் என்று எழுதுகிறேன். சாரம் சரிந்து விழுந்ததில் உடைந்த தொடையெலும்புக்குக் கம்பி வைத்துவிட்டார்கள். விலா எலும்பு தானே சேருமாம். கண் விழித்தால் போதும், என்னை வம்புக்கு இழுக்கிறார். "மாடியில நின்னு பெயிண்ட் அடிச்சவன் நான். கீழே விழுந்தவனும் நான். தரையில உட்கார்ந்து துணி தைக்கிற நீ ஏன்டி இப்படி இளைச்சுப் போன?" என்று நேற்று கேட்டார்.

போனில் பேசினால் நீங்கள் அழுகிறீர்கள், நான் கத்துகிறேன். அதனால்தான் எழுதுகிறேன். இங்கிருந்து தினமும் உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ரத்தப் பெட்டி கொண்டுவரும் டிரைவர் அண்ணன், இதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். வார்டில் ஒருவருக்குத்தான் அனுமதி என்றதும் நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பியது எனக்கு இன்னும் மனத்தாங்கல்தான். அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

இனிமேல் பயம் எலும்பைப் பற்றி இல்லை, செப்சிஸ் பற்றித்தான் என்கிறார் டாக்டர். காயத்தில் கிருமி புகுந்தால், அதை எதிர்க்கப் போய் உடம்பு தன்னையே அடித்துக்கொள்ளுமாம். அது வரப்போகிறதா என்று ரத்தத்தை வைத்து முன்கூட்டியே சொல்ல முடியுமா என்றுதானே நீங்கள் ஆராய்ச்சி செய்கிறீர்கள்? உங்கள் தம்பி ரத்தமும் அதற்கு வருகிறது. அவருக்காக நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

குழாய்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான் என்றார்கள். அவ்வளவு குழாய்க்கு நடுவில் அண்ணி எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? தையற்காரிக்கு இதெல்லாம் ஒரு காரியமா! நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, இன்றைய குழாயின் கழுத்தில் பச்சை நூலால் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டேன். பார்த்துவிட்டு ஒரே வார்த்தை எழுதுங்கள். வருமா, வராதா?

அன்புடன்,
உங்கள் தம்பி மனைவி


ஆய்வுக்கூடம்
மார்ச் 5

அன்புள்ள தம்பி மனைவிக்கு,

உன் முடிச்சு வந்து சேர்ந்தது. பெட்டியைத் திறந்ததும் ஆளுக்கொன்று சொன்னார்கள். மருத்துவமனையில் ஏதோ புது விதி என்றார் ஒருவர். குழாய் விரிசல் விட்டிருக்கும், கட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள் என்றார் இன்னொருவர். எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. என் தம்பியின் சட்டைப் பொத்தான் ஒவ்வொன்றிலும் அந்த முடிச்சுத்தானே இருக்கிறது. சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

யாருடைய ரத்தம் என்று அளப்பவளுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும், மனசு சாய்ந்தால் கையும் சாயும். அதனால் நான் அந்தக் குழாயைத் தொடாமல் எங்கள் தலைவியிடம் போய், இது என் தம்பியுடையது என்று சொல்லிவிட்டேன். தம்பியை ஆய்விலிருந்து எடுத்துவிட்டார்கள். குழாய் அளக்கப்படாமல் உறைபெட்டியில் இருக்கிறது. நூலை அவிழ்க்க மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை.

"அதான் எடுத்துட்டாங்களே, இப்ப பார்த்துச் சொன்னா என்ன?" என்று நீ கேட்பாய். நேற்றிரவு நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டேன். அடிபட்ட உடம்பு எப்படியும் கொதிக்கும். காயத்தால் கொதிக்கிறதா, கிருமியால் கொதிக்கிறதா என்று பிரித்துச் சொல்ல ரத்தத்தில் ஏதாவது அடையாளம் இருக்கிறதா என்றுதான் தேடிக்கொண்டிருக்கிறோம். இருக்கும் என்று நம்புகிறோம். நிரூபிக்கவில்லை. நான் "வராது" என்று எழுதினால் நீ நிம்மதியாகத் தூங்கிவிடுவாய். அளந்து வந்த அந்த எண் பொய் என்றால்? என் தம்பி உயிரை வைத்து அந்தப் பரீட்சை எழுத என்னால் முடியாது. கோபித்துக்கொள்.

கோபித்துக்கொண்டே இதையும் செய். மூச்சு வாங்குகிறதா, கைகால் சில்லிடுகிறதா, சிறுநீர் குறைகிறதா என்று கவனி. எல்லாவற்றையும்விட அவன் பேச்சைக் கவனி. காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்காதே. அவன் எப்படி இருப்பான் என்று அங்கே இருக்கிறவர்களில் உனக்குத்தான் தெரியும். ஏதோ சரியில்லை என்று தோன்றினால் வெட்கப்படாமல் கூப்பிடு, வராவிட்டால் கத்து. போனில் என்னிடம் கத்துவதில் பாதி போதும்.

நான் ஊர் திரும்பியதைப் பற்றி: அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலிதான் இருந்தது. நான் உட்கார்ந்துகொண்டால் நீ எங்கே உட்காருவாய்?

இப்படிக்கு,
அண்ணி


மருத்துவமனை
மார்ச் 8

அண்ணிக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்து அன்றே கசக்கிப் போட்டேன். கூடப் பிறந்தவளுக்கு மனசு இப்படியா கல்லாக இருக்கும் என்று டிரைவர் அண்ணனிடம் புலம்பித் தீர்த்தேன். "அவங்க அந்தக் கடிதாசியைக் குடுக்கும்போது கண்ணெல்லாம் சிவந்திருந்துச்சும்மா" என்றார். திரும்பப் போய்க் கசக்கிய காகிதத்தை எடுத்து நீவி வைத்துக்கொண்டேன்.

இன்று காலை உங்கள் தம்பிக்குத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "ரொம்ப நன்றிங்க" என்றார். கல்யாணமான நாளிலிருந்து எனக்கு நன்றி சொல்லி அறியாத மனுஷன்! தண்ணீர் கொடுத்தால் "கிணத்தையே கொண்டு வந்துட்டியா" என்றுதான் கேட்பார். விளையாடுகிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். அதில் விளையாட்டே இல்லை. என்னை யாரோ நர்ஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். கையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது.

சின்ன டாக்டர், வலி மருந்து மயக்கம் என்றார். காய்ச்சலும் இல்லையாம். நான் விடவில்லை. "மரியாதையா பேசுறாரு டாக்டர்! வந்து பாருங்க!" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். சிரித்துக்கொண்டேதான் வந்தார். ரத்த அழுத்தம் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு ஒரே ஓட்டம். பெரிய டாக்டர் வந்தார், கிருமியைக் கொல்லும் மருந்து ஏற்றினார்கள், உள்ளே சீழ் பிடித்திருக்கிறது, திறந்து கழுவ வேண்டும் என்று ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

நீங்கள் சொன்னபடி செய்தேன் அண்ணி. போதுமா? அவருடைய கட்டில் காலியாக இருக்கிறது, பக்கத்து நாற்காலியும் காலியாக இருக்கிறது. எனக்கு எதில் உட்காருவது என்று தெரியவில்லை.

உங்கள் தம்பி மனைவி


வேனுக்குள்
மார்ச் 8

வாயாடிக்கு,

அவன் உன்னை இப்படித்தான் கூப்பிடுவான். இன்றைக்கு நானும் கூப்பிட்டுக்கொள்கிறேன்.

டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். ரோடு மோசம், எழுத்தும் மோசம். இதை உன் கையிலேயே தருவேன், நேரில் எனக்குப் பேச்சு வராது. நீ போதும் போதும் என்கிற அளவுக்குச் செய்துவிட்டாய். அவனைத் திரும்ப வம்புக்காரனாகக் கொண்டுவருவது டாக்டர்கள் வேலை. அதுவரைக்கும் காத்திருப்பு அறையில் ரெண்டு நாற்காலி இருக்கும், நாம் ரெண்டு பேரும் உட்காரலாம்.

அண்ணி


ஆய்வுக்கூடம்
ஆகஸ்ட் 21

அன்புள்ள வாயாடிக்கு,

தம்பி கைத்தடியை வைத்து மாடிப்படி ஏறுகிறான், ஏறி நின்று உன் தையலில் குறை சொல்கிறான் என்று எழுதியிருந்தாய். இதைவிட நல்ல செய்தி எனக்கு வேண்டாம்.

எங்கள் ஆய்வு முடிந்தது. அன்றைக்கு நானும் நீயும் அடித்துக்கொண்டோமே, அந்தக் குழாயை இப்போதாவது அளக்கச் சொல்லித் தம்பியே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தான். தலைவி சம்மதித்தார். பச்சை நூலோடு வெளியே வந்தது. வேறொருவர்தான் அளந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

நாங்கள் பெரிதாக நம்பியிருந்த அடையாளம் அதில் குறைவாக இருந்தது. ரொம்பக் குறைவு. அன்றைக்கு நான் பார்த்திருந்தால், "வராது, நிம்மதியாகத் தூங்கு" என்று உனக்கு எழுதியிருப்பேன். நீயும் தூங்கியிருப்பாய். அவன் நன்றி சொன்னதைக் கேட்டு, மனுஷன் திருந்திவிட்டான் என்று நினைத்திருப்பாய்.

ஆனால் கேள், அதே குழாயில் இன்னொரு அடையாளம் ஏறியிருந்தது. அதைத் தனியாக நாங்கள் மதித்ததே இல்லை. மற்றவர்களின் ரத்தத்திலும் இப்போது பார்க்கிறோம், ஒன்றை மட்டும் நம்பினால் ஏமாற்றுகிறது, இந்த இரண்டோடு இன்னொன்றையும் சேர்த்து மூன்றையும் கேட்டால் பெரும்பாலும் உண்மை சொல்கிறது, அதுவும் காய்ச்சலுக்கு முன்னாலேயே. ஒரு குழாயால் எதுவும் நிரூபணம் ஆகாது, தம்பி எங்கள் ஆய்வுக் கணக்கிலும் இல்லை. என்றாலும் அடுத்த ஆய்வை மூன்றையும் வைத்தே தொடங்குகிறோம். ஒப்பிட்டுப் பார்க்க அடிபடாத, நலமாக இருக்கும் ஆட்களின் ரத்தமும் வேண்டும். தெரிந்தவர்கள் இருந்தால் சொல்.

உன் அண்ணி


வீடு
செப்டம்பர் 2

என் அன்பு அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை இருவரும் சேர்ந்து படித்தோம். படித்து முடித்ததும் இவர் காகிதத்தை மடித்து என்னிடம் நீட்டினார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். "கிணத்தையே கொண்டு வந்துட்டியா?" என்றார். அடுப்படிக்குள் போய் நன்றாக அழுதுவிட்டு வந்தேன். இதற்குமுன் இந்தப் பேச்சுக்கு எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறேன்!

அன்று நீங்கள் எழுத மறுத்த அந்த ஒரு வார்த்தைக்கு நான் என்ன சொல்வது? நன்றி என்றால் நீங்கள் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிடுவீர்கள். சொல்லவில்லை.

இன்று மருத்துவமனைக்குப் போய் நலமாக இருக்கும் ஆள் என்று என் பெயரைக் கொடுத்தேன். ஊசியை வைத்தே பிழைப்பவள், ஊசியைப் பார்த்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். இவர் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, வலிக்க வலிக்க நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். "கத்தி ஊரைக் கூட்டிடாதடி" என்று வேறு.

பையில் பச்சை நூல் இருந்தது. எடுக்கவில்லை. நாளைக்குப் பெட்டி உங்களிடம் வரும். அதில் நான் எந்தக் குழாய் என்று தேடாதீர்கள் அண்ணி, எல்லாவற்றையும் ஒரே மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வாயாடி