ஆறு, ஏழு, எட்டாம் பீப்பாய்கள்

ஜூலை 14, செவ்வாய்

உறுதியானது: ஒயினை பாட்டிலில் அடைப்பது வரும் திங்கள், 20. சொன்னது தங்கையின் கணவர் சிவா, காலை 7.10, தொலைபேசியில். அதற்கு முன் சனிக்கிழமை, வாங்கலாமா என்று ஹோட்டல்காரர் ருசி பார்க்க வருகிறார். அதைச் சொன்னது நிவி. சிவாவும் ஆமாம் என்றார்.

விடியும்வரை தூறல். திருமுல்கேரி பஜாரில் கணுக்கால் தண்ணீர். செருப்பு இன்னும் காயவில்லை.

எட்டு மாதிரிகள் வந்தன. இருமல் மருந்து பாட்டில் அளவு, ஒவ்வொன்றிலும் பீப்பாய் எண் மட்டும். தங்கை வசந்தாவின் மகள் நிவி ஆபீஸ் போகிற வழியில் கொடுத்துவிட்டுப் போனாள். ஐ.டி. வேலை அவளுக்கு. அப்பாவின் ஒயினுக்கு லேபிளும் விற்பனையும் அவள் பொறுப்பு.

"மாமா, நோட்ஸ் நல்லா எழுதுங்க. ஹோட்டல் ஆளு பெத்த மனிஷி, ரொம்ப பெரிய ஆளு."

"நல்லா இருந்தா நல்லா எழுதுதேன்."

"டென்ஷன் நக்கோ மாமா. டாடி டெய்லி அந்த பேரலோட பேசுறார். நல்லாதான் இருக்கும்."

சிவா கேட்டது: எட்டையும் தனித்தனியே மதிப்பிட்டு, எது கலவைக்குப் போகலாம், எது கூடாது என்று ஒரு பக்கம். இரண்டு திராட்சை வகைகளைக் கலக்கும் போர்தோ பாணி. 1 முதல் 5 வரை கேபர்னே, 6 முதல் 8 வரை மெர்லோ. ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் தர இன்ஸ்பெக்டராக இருந்துவிட்டு, சங்காரெட்டிக்கு அப்பால் அவர் கட்டிய சின்ன ஆலையின் முதல் சிவப்பு. நான் ஒயின் பத்தி எழுதும் பத்திரிகையில் இதைப் பற்றி எழுத மாட்டேன் என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். தங்கை வீட்டுச் சரக்கு.

மூக்குச் சோதனை. இரண்டு வருடம் முன்பு காய்ச்சலில் மூன்று வாரம் வாசனை போனதிலிருந்து தினமும் செய்வது. காபிப் பொடி, சரி. பெருங்காயம், சரி. எலுமிச்சைத் தோல், சரி.

பகல் 11. இரண்டு இட்லிக்குப் பிறகு.

1: பென்சில் சீவல், கறுப்புத் திராட்சைத் தோல். துவர்ப்பு அதிகம், வைத்திருந்தால் அடங்கும்.
2: 1 போல. கொஞ்சம் மெலிவு.
3: புளிப்பு தூக்கல். கலவையில் சரியாகும்.
4: எட்டில் சிறந்தது. நாவல் பழம், புகையிலை. விழுங்கிய பின்னும் நெடுநேரம் நிற்கிறது. சிவாவுக்கு இப்போதே போன் செய்யலாமா என்று தோன்றியது. செய்யவில்லை. நல்லவேளை.
5: நன்று.
6: பழம் இல்லை. மெர்லோவில் பழம் இல்லாமல் எப்படி?
7: பழம் இல்லை. அடியில் ஈர வாடை.
8: அதே.

மூடி வைத்துவிட்டு மாலை ஐந்துக்கு மறுபடி. மாற்றமில்லை.

என் மூக்கா, ஒயினா?

ஜூலை 15, புதன்

வெயில். துணி காய்ந்தது. மின்கட்டண ஆபீசுக்குப் போக வேண்டியது, போகவில்லை.

மனைவி மீனாவை உதவிக்குக் கூப்பிட்டேன். நான் சுவரைப் பார்த்து உட்கார, அவள் தன் இஷ்டத்துக்கு ஊற்றி ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். பன்னிரண்டு முறை. 6, 7, 8 வந்தபோதெல்லாம் பிடித்தேன். மற்றவற்றை ஒரு முறைகூடச் சந்தேகிக்கவில்லை.

ஆனாலும் இது ஒரே சாட்சி. மூன்று டம்ளர் அவள் முன் வைத்தேன். எது எது என்று சொல்லவில்லை.

"நான் குடிக்க மாட்டேன்."

"குடிக்க வேண்டாம். மோந்து பாரு, போதும்."

முதலாவது: "திராட்சை." இரண்டாவது: "இதுவும்தான்." மூன்றாவதில் முகத்தைச் சுளித்தாள். "உங்க பழைய பேப்பர் கட்டு பால்கனியில நனைஞ்சு கிடந்துச்சே, தூக்கிப் போடுங்கன்னு நான் ஒரு வாரம் கத்துனேனே. அந்த வாடை."

டம்ளரின் அடியில் ஒட்டியிருந்த எண்: 7.

தொழிலில் இதைக் கார்க் வாடை என்பார்கள். இந்த ஒயின் இன்னும் கார்க்கைக் கண்ணால் பார்க்கவில்லை. அப்படியானால் பீப்பாய், அல்லது அறை. மரத்தில் குளோரின் பட்டு, பின்பு பூஞ்சையும் சேர்ந்தால் வரும் வாடை. குடித்தால் உடம்புக்கு ஒன்றும் செய்யாது. பழத்தைத் தின்றுவிடும். ஒரு பீப்பாயில் ஏறிவிட்டால் அதை இறக்க நல்ல வழி இல்லை. கலவையில் கலந்தால் எல்லாம் போயிற்று.

நான்கு வருடம் முன்பு பத்தியில் இதை நானே எழுதியிருக்கிறேன். ஒயின் அறைக்குள் குளோரின் கூடாது என்று.

ஜூலை 16, வியாழன்

சங்காரெட்டி சாலை. ராமச்சந்திராபுரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாகத் திரும்பிக்கொண்டிருந்ததால் இருபது நிமிடம் நின்றேன். 10.15க்கு ஆலை.

சிவா வழக்கம்போல இஸ்திரி போட்ட அரைக்கை சட்டை, பையில் டார்ச். பீப்பாய் அறை அவ்வளவு சுத்தம். நுழைந்தவுடன் மூக்கில் ஏதோ தட்டியது. ஐந்து நிமிடத்தில் ஒன்றும் தெரியவில்லை. மூக்கு பழகிவிடுகிறது. அவர் அங்கேயே பத்து மணி நேரம் இருக்கிறார்.

"மூணு பேரல்ல வாடை இருக்கு மாப்பிள்ளை. ஆறு, ஏழு, எட்டு."

அவர் ஏழிலிருந்து உறிஞ்சுகுழாயில் எடுத்து, மோந்து, குடித்து, வாயில் உருட்டினார். "எனக்கு ஒண்ணும் தெரியலயே மச்சான்."

"எதுல கழுவுதீய?"

"வெந்நீர், வாஷிங் சோடா. வேற ஒண்ணும் கிடையாது. ரிஜிஸ்டர் பாருங்க."

"குளோரின்?"

"சத்தியமாக் கிடையாது. போர்வெல் தண்ணி."

பொய் சொல்கிற ஆள் இல்லை. ரிஜிஸ்டர் பார்த்தேன். தொழிற்சாலைப் பழக்கம், ஒவ்வொரு கழுவலுக்கும் தேதி, நேரம், கையெழுத்து. போன அக்டோபரில் ஒயினைத் தெளியவைத்து வேறு பீப்பாய்க்கு மாற்றியபோது 6, 7, 8 மூன்றும் இரண்டு நாள் காலியாக இருந்திருக்கின்றன. அந்த இரண்டு நாளுக்கும் பதிவே இல்லை.

"இங்க ஏன் காலி?"

"அன்னிக்கு லீவு மச்சான். ஆயுத பூஜை."

ஆலையை ஒட்டியே வீடு. வசந்தா சாப்பிடச் சொன்னாள். வேலை இருக்கிறது என்று வந்துவிட்டேன்.

ஜூலை 17, வெள்ளி

காலை ஆறு மணிக்குப் போன வருட நாட்குறிப்பை எடுத்தேன். ஆயுத பூஜை நாள், என் கையெழுத்து: "வசந்தா போன். வாழைக்கன்று, சந்தனம், பொரி, ப்ளீச்சிங் பவுடர் 2 பாக்கெட். அல்வால் கடையில் வாங்கி 9.40க்குப் போய்ச் சேர்ந்தேன். சிவா காலிப் பீப்பாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். சுண்டல் அருமை."

போனில் படமும் இருக்கிறது. மூன்று பீப்பாய், சந்தனம் குங்குமம் இன்னும் வைக்கவில்லை, ஈரம் சொட்டச் சொட்ட. பின்னால் வெள்ளை பாக்கெட், வாய் திறந்தபடி. எடுத்தது நான்.

காபி குடிக்கவில்லை. மூக்குச் சோதனையும் செய்யவில்லை.

பிற்பகல் நாலு மணிக்கு மறுபடி ஆலை. போனில் சொல்கிற விஷயம் இல்லை. பூஜை அன்று ப்ளீச்சிங் பவுடர் போட்டீர்களா என்று கேட்டேன்.

"ஆமா. அது பூஜைக்குக் கழுவினதுலா?" என்றார், நான் வேறு எதையோ கேட்டுவிட்டது போல. "கம்பெனி டவுன்ஷிப்ல தண்ணித் தொட்டியே அதுலதான் கழுவுவோம். அதை விட சுத்தம் என்ன இருக்கு? உள்ள வெளிய ரெண்டும் தேச்சு, ஆறு தடவை அலசினேன்."

மரம் அலசினால் விடாது என்று விளக்கினேன். பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்குத் தொடர்ந்து சொல்ல வேண்டியிருந்தது.

"பேரல்ல குறையக் குறைய நிரப்புதீயல்லா, எதுல இருந்து எடுத்து நிரப்புதீய?"

ரிஜிஸ்டரைத் திறந்தார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. எல்லாவற்றுக்கும் ஏழிலிருந்து.

"அப்ப எட்டு பேரலும் போச்சு" என்றார்.

"தெரியாது மாப்பிள்ளை. ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் எனக்கு வாடை வரல. மூக்குக்குச் சிக்காத அளவுல இருக்கலாம். ஆறு மாசத்துல மேல வரலாம். லேப்தான் சொல்லணும்."

ரிஜிஸ்டரை மூடிவிட்டுச் சிவா: "பவுடர் எங்க இருந்து வந்துச்சு? நம்ம ஸ்டோர்ல அது கிடையாதே."

"நான்தான் வாங்கச் சொன்னேன்" என்றாள், தேநீர் கொண்டுவந்திருந்த வசந்தா. யாரிடம் என்று சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

தேநீர் கையில் இருந்தது. குடித்தேன்.

எட்டு மாதிரிகளும் புனே ஆய்வகத்துக்கு இன்று மாலைக் கூரியரில். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தத் தேநீர்தான். முப்பது வருடம் செய்தி எழுதியதில் தெரிந்த பெயரை நான் விட்டதில்லை.

ஜூலை 18, சனி

மழை. பால்காரர் வரவில்லை.

8.05: ஹோட்டல்காரரிடம் சிவாவே பேசிவிட்டார். தகவல் நிவி. சொன்ன வார்த்தைகள், அவள் கேட்டபடி: "சரக்குல டிஃபெக்ட் சந்தேகம் இருக்கு. டெஸ்ட் முடியாம உங்களுக்கு ஊத்த மாட்டேன்." அவர் மறுபடி வருவாரா என்பது தெரியாது.

"அழுறாரா?" என்று கேட்டேன்.

"நை மாமா, அழலை. அழுதாக்கூடப் பரவாயில்ல. ரிஜிஸ்டரை முதல் பக்கத்துல இருந்து படிச்சிட்டு இருக்கார். அடுத்த சீசன்ல பாத்துக்கலாம்னு சொன்னா முறைக்கிறார்."

11.30: வசந்தா.

"அண்ணே, நீங்க வாங்கிட்டு வந்தீயன்னு நான் சொல்லல."

"தெரியும்."

"அவுக என்னைய ஒரு வார்த்தை கேக்கல. கேட்டாக்கூட நல்லாருக்கும். நீங்களே சொல்லிருங்க."

"சொல்லுதேன்."

"ஊர்ல உள்ளவுகளைப் பத்தியெல்லாம் எழுதுதீய" என்றாள். வைத்துவிட்டாள்.

இன்று போயிருக்கலாம். மழை என்று சாக்கு. மழை மூன்று மணிக்கே நின்றுவிட்டது.

ஜூலை 19, ஞாயிறு

போனேன். மீனாவும் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன்.

சிவா வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில். சட்டை இஸ்திரி இல்லாமல். மனதில் வரிசைப்படுத்திக்கொண்டு போயிருந்தேன், தேதி, நேரம், கடை. அந்த வரிசையில் சொல்ல வரவில்லை.

"அந்தப் பவுடரை வாங்கிட்டு வந்தது நான்தான் மாப்பிள்ளை."

"தெரியும்."

"வசந்தா சொன்னாளா?"

"அவ எங்க சொல்லுதா. நீங்க எடுத்த படம் குடும்ப குரூப்ல கிடக்கு. நீங்கதான் போட்டிருக்கீய. 'பூஜைக்கு பீப்பாய்கள் தயார்'னு எழுதி." போனை எடுக்கவில்லை. "வெள்ளிக்கிழமை நீங்க போன உடனே பாத்தேன். அதுக்கப்புறம் நிவி உங்க கட்டுரை ஒண்ணை எடுத்துக் காமிச்சா. குளோரின் ஆகாதுன்னு நாலு பத்தி."



"வாங்கிட்டு வந்தது நீங்க. கொட்டித் தேச்சது நான். தெரியாம செஞ்சேன். நீங்க தெரிஞ்ச ஆளு, பக்கத்துல நின்னு படம் எடுத்தீய."

"அன்னிக்கு எனக்குத் தோணவே இல்ல. பூஜை வீட்டுக்கு வந்த மாதிரிதான் வந்தேன்."

"அது சரி. நானும் அப்படித்தான் கழுவினேன். அதை ஒண்ணும் சொல்லல மச்சான்." நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "வெள்ளிக்கிழமை கேட்டேன்லா, எங்க இருந்து வந்துச்சுன்னு. டீ குடிச்சீய."

வசந்தா உள்ளே குக்கர் வைத்திருந்தாள். மூன்று விசில் எண்ணினேன்.

சாப்பிட்டுப் போங்க என்று அவர் சொல்லவில்லை. வசந்தா சொன்னாள். சாப்பிட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு. சிவா தன் தட்டை எடுத்துக்கொண்டு பீப்பாய் அறைக்குப் போய்விட்டார்.

ஜூலை 20, திங்கள்

உறுதியானது: எட்டு மாதிரிகளும் ஆய்வகத்தில் உடையாமல் சேர்ந்தன. ஆதாரம் அவர்களின் மின்னஞ்சல், காலை 10.22. பாட்டிலடைக்கும் வண்டி வரவில்லை, வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது.

மூக்குச் சோதனை: மூன்றும் சரி. என்ன பிரயோசனம்.

மின்கட்டண ஆபீஸ் போய் வந்தேன்.

நிவி ஒரு படம் அனுப்பினாள். 6, 7, 8இன் முகத்தில் சிவப்புச் சாக்கட்டியில் பெருக்கல் குறி. தொழிற்சாலையில் பழுது வார்ப்புகளுக்கு அவர் இருபத்தெட்டு வருடம் போட்டது. 1 முதல் 5 வரை ஒன்றும் எழுதவில்லை.

மாலை 4.40, சிவா. வெள்ளிக்குப் பிறகு அவராகக் கூப்பிடுவது இதுதான் முதல்.

"ரிப்போர்ட்டை உங்களுக்கு அனுப்பச் சொல்லிட்டேன் மச்சான். எனக்கு வேண்டாம். நீங்க பாத்துட்டுப் போன் போடுங்க. எந்த நம்பர் நல்லாருக்கு, எது இல்ல. அது மட்டும் சொல்லுங்க."

"நேர்ல வரட்டுமா?"

"போன் போதும்."

நிலுவை: 1, 2, 3, 4, 5. ஆய்வக அறிக்கை புதன், 22, மாலை ஐந்துக்குள்.