மாமாவின் மூளையை அனுப்பியிருக்கிறேன்

ஜோர்ஜ் டவுன், பினாங்கு.
12-9-1935

என் அன்புக்கும் மதிப்புக்கும் உரியவருக்கு,

தவமணி எழுதுவது. நலம் என்றுதான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன். லண்டனில் குளிர் பிடித்திருக்கும். மார்புச் சளியை அசட்டை செய்ய வேண்டாம்.

மாமா காலமானதற்கு நான் அடித்த தந்திக்கு உங்கள் மறுதந்தி வந்தது. ஆறு சொற்கள். அதில் நான்கு, மூளையைப் பார்மலின் திரவத்தில் போட்டாயிற்றா என்ற கேள்வி. ஐந்தாவது என் பெயர், ஆறாவது உங்கள் பெயர்.

போட்டாயிற்று. எப்படி என்று சொல்கிறேன்.

சித்திரையில் வந்த உங்கள் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறேன். மறதி நோயில் இறந்த சீனர், மலாய்க்காரர், தமிழர் மூளைகளை இங்கே ஏழு வருடம் சேர்த்து லண்டனுக்குக் கொண்டுபோனீர்கள். வெள்ளைக்காரக் கிழவர்களின் மூளையில் காணும் அதே கறுப்புப் புள்ளிகள் இவற்றிலும் உண்டென்று காட்டினீர்கள். உங்கள் பேராசிரியர் ஏற்கவில்லை. ரிக்‌ஷா இழுத்தவனுடைய வயது யாருக்குத் தெரியும், முன்பு அவன் புத்தி எப்படி இருந்ததென்று யார் சொல்வார் என்று கேட்டாராம். வயதும் புத்தியும் எழுத்தில் பதிந்த ஒருவர் வேண்டும், அரசாங்கக் கந்தோரில் முப்பத்திரண்டு வருடம் பெரிய கிளாக்கராக இருந்த விநாசித்தம்பியைவிடப் பொருத்தமானவர் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அதை நான் வாசித்துக்கொண்டிருந்தபோது அந்தப் பொருத்தமானவர், உங்கள் அப்பா, தன் வேட்டியை அவிழ்த்து சன்னல் கம்பியில் கட்டிக்கொண்டிருந்தார்.

இரண்டு வருடமாக நீங்கள் கேட்டபடி கிழமைக்குக் கிழமை குறித்து அனுப்பினேன். எந்தச் சொல் போனது, எந்த முகம் போனது, எல்லாம். என்னைத் திருடியென்று நினைத்துக் கைத்தடியால் அடித்ததையும் எழுதினேன். மிகவும் பயனுள்ள தகவல் என்று பதில் போட்டீர்கள். எங்கே அடித்தார் என்று கேட்கவில்லை.

மாமாவிடம் கேட்காமல் எதையும் செய்ய எனக்கு மனமில்லை. வைகாசியில் ஒரு காலை தேத்தண்ணி குடிக்கும்போது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். புத்தி தெளிவாக இருக்கிறதென்று கண்டு, "மாமா, நீங்கள் கண்மூடின பிறகு உங்கட மூளையை எடுத்துப் பார்க்க வேணுமெண்டு உங்கட மகன் கேக்கிறார்" என்றேன். சிரித்தார். "அவன் கேட்டு நான் எதை இல்லையெண்டனான்? எடுக்கட்டும்" என்றார். கோப்பையைக் கீழே வைப்பதற்குள், "பெடியன் பள்ளிக்கூடத்தாலை வந்திட்டானோ, பிள்ளை?" என்றார். வாறான் மாமா என்றேன். பொழுது சாயும்வரை உங்களுக்காக வாசல் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஆகஸ்ட் பதினாலாம் திகதி காலை பத்து மணிக்கு உயிர் போனது. நான்கு நாளாக ஒன்றும் விழுங்கவில்லை.

உங்கள் அக்கா அருந்ததி வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "தம்பி மூர்த்திக்குத்தான் விசர் பிடிச்சதெண்டால் உனக்குமோ? என்ர அப்புவை வெட்டக் குடுப்பியோ?" என்று என் தலைமயிரைப் பிடித்தார். அவரில் எனக்குக் கோபமில்லை. அவர் கேட்டது நியாயம்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஷேக் அலாவுதீன் கார் கொண்டுவந்தார். பிணவறையில் உங்களிடம் வேலை பழகிய மனிதர். "டாக்டரம்மா, நானே தொறக்குறேன். டாக்டர் பழக்கின கைதான். பெரியவருக்கு வலிக்காம பாத்துக்கிறேன்" என்றார். செத்தவருக்கு வலிக்காதென்று அவருக்குத் தெரியாதா? அந்த ஒரு பேச்சுக்காகத்தான் மாமாவை அவரிடம் ஒப்படைத்தேன். பிணவறைக்கு வெளியே மர வாங்கில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். திரும்பக் கொண்டுவந்தபோது தையல் தெரியாதபடி கந்தோருக்குக் கட்டும் தலைப்பாகையை நானே கட்டிவிட்டேன். ஆனாலும் வந்தவர்கள் எல்லோரும் தலையைத்தான் பார்த்தார்கள். அக்காவின் கணவர் கொள்ளி வைத்தார். மாமனாரை அரைகுறையாக எரித்தவள் என்று இப்போது எனக்குப் பெயர். எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு ஒருவரும் வரவில்லை.

உங்களுக்காகச் செய்தேன் என்று எண்ண வேண்டாம். கீழைநாட்டவருக்கு இந்த நோய் வராது, மறப்பதற்கு அவர்களிடம் என்ன இருக்கிறது என்று அந்தப் பேராசிரியர் விருந்தில் சொல்லிச் சிரித்ததாக எழுதினீர்களே, அதற்காகச் செய்தேன். மாமா எவ்வளவு மறந்தார் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான்.

பெட்டி நேற்றுக் கப்பலேறியது. பஞ்சும் மரத்தூளும் வைத்து அலாவுதீனே அடைத்தார்.

உங்கள் ஆராய்ச்சி முடிந்து எப்போது வருவீர்கள் என்று இனிக் கேட்கமாட்டேன். வேறு ஒன்று கேட்கிறேன். மாமாவின் மூளையை மாணவர் கையிலோ பேராசிரியர் கையிலோ கொடுக்க வேண்டாம். வாய்க்கரிசி போட உங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. இதையாவது நீங்களே செய்யுங்கள். அறையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து, அப்பா என்று ஒருமுறை கூப்பிட்டுவிட்டு வெட்டுங்கள்.

அந்த நேரம் உங்கள் கை நடுங்காமல் தண்ணீர்மலை முருகன் பிடித்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
தவமணி